மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்துச் சீட்டில் "1-0-1, சாப்பாட்டுக்குப் பின்" என்று இருக்கும். எழுதியவர் மனதில் காலை என்றால் 8 மணி, இரவு என்றால் 9 மணி, நடுவில் வேளாவேளைக்குச் சாப்பாடு. அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரோ அதிகாலை 3 மணிக்கு ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார். கஞ்சி வாயில் படுவது 10 மணிக்கு மேல். தூத்தூர் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போனவருக்கு வலை இழுக்கிற நேரத்தை வைத்துத்தான் பகலும் ராத்திரியும். இவர்களுக்கு மாத்திரை தவறினால், பெரும்பாலும் காரணம் அலட்சியம் இல்லை. சீட்டில் இருக்கிற நாளும் அவர்கள் வாழ்கிற நாளும் ஒன்றோடொன்று சேரவில்லை. அதைச் சேர்த்துக் கொடுப்பதுதான் உதவி செய்கிறவருடைய வேலை.

நீண்டகால நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், வசதியான நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் மாத்திரை விட்டுப்போகிறது என்றால் அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இது வீட்டில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், ஊரில் மருந்து கொண்டு கொடுக்கிற தன்னார்வலர்களுக்கும் எழுதியது. ஒரு எல்லை மட்டும் மனதில் இருக்கட்டும்: எந்த மருந்தையும் நிறுத்துவதோ, அளவு மாற்றுவதோ நம் கையில் இல்லை. நேரம் மாற்றுவதையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதல் வேலை: கவரைத் தரையில் கொட்டுங்கள்

நம் ஊர் வீடுகளில் மருந்து இருக்கிற இடம் தெரிந்ததுதான். ஜன்னல் கம்பியிலோ ஆணியிலோ தொங்குகிற ஒரு துணிக்கடைக் கவர். அதை இறக்கி, பாய் விரித்து, எல்லாவற்றையும் கொட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தந்த காகிதப் பொட்டலம், மெடிக்கலில் வெட்டிக் கொடுத்த அரை அட்டை, முடிந்துபோன இருமல் மருந்துக் குப்பி, வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த சத்து மாத்திரை டப்பா, வைத்தியர் தந்த சூரணம், எல்லாம் வரட்டும். ஃபிரிட்ஜ் கதவையும் தலையணைக்கு அடியையும் பார்க்க மறக்காதீர்கள்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: இப்போது சாப்பிடுகிறது, முன்பு சாப்பிட்டு நிறுத்தியது, என்னவென்றே தெரியாதது. காலாவதி தேதியைப் பாருங்கள். வெட்டிய அட்டையில் தேதி இருந்த ஓரம் போயிருக்கும். பெயரும் தேதியும் இல்லாத மாத்திரையை ஊகித்து வைக்கக் கூடாது. அது மூன்றாவது குவியலுக்குத்தான் போக வேண்டும். அந்தக் குவியலை மருந்தாளரிடம் காட்டாமல் யாரும் தொட வேண்டாம்.

இந்த வேலையில் அடிக்கடி அகப்படுகிற ஆபத்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது. எல்ட்ராக்சின், தைரோநார்ம் இரண்டும் தைராய்டுக்கான லெவோதைராக்சின்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்கு வெறும் அம்லோடிபைன் தருவார்கள். தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையில் டெல்மிசார்டான் என்கிற இன்னொரு பிரஷர் மருந்தோடு அம்லோடிபைனும் சேர்ந்தே இருக்கும். "அது கவர்மென்ட் மாத்திரை, இது வெளி மாத்திரை" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. கால் வீங்கும், எழுந்தால் தலை சுற்றும். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடைசியில் இரண்டையும் விட்டுவிடுவார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிற கம்பெனிப் பெயரை விடுங்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிடுங்கள்.

ஒரே தாளில் முழுப் பட்டியல்

ஒரு தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: மருந்துப் பெயரும் மில்லிகிராமும், எதற்காக, எத்தனை, எப்போது, யார் எழுதியது. "எதற்காக" என்பதை நோயாளி பேசுகிற வார்த்தையிலேயே எழுதுங்கள். பிரஷருக்கு, இழுப்புக்கு, நீர் போக, ரத்தம் உறையாமல் இருக்க. எதற்கென்று தெரியாத மாத்திரைதான் முதலில் விட்டுப்போகும்.

சீட்டில் இருக்கிற சுருக்கெழுத்துகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓ.டி. என்றால் நாளுக்கு 1 முறை, பி.டி. என்றால் 2, டி.டி.எஸ். என்றால் 3. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்; வலி மாத்திரையில் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் தினமும் போட்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டியலில் அதற்கு நேராக எந்தக் கிழமை என்று சிவப்பு மையில் எழுதுங்கள்.

வாசிக்கத் தெரியாதவருக்கும் கண் மங்கியவருக்கும், காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த மாத்திரையின் காலி அட்டையில் ஒரு துண்டை ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால், உடனே பழைய துண்டை எடுத்துப் புதியதை ஒட்டுங்கள். "வெள்ளை மாத்திரைதான் பிரஷருக்கு, இது மஞ்சளா இருக்கு, மாற்றித் தந்துட்டாங்க" என்று அப்படியே வைத்துவிடுகிற வீடுகள் பல.

கஷாயம், சூரணம், லேகியம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரட்டும். சித்த வைத்தியமும் வர்ம ஆசான்களும் உள்ள மாவட்டம் இது. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. இரண்டு வகை மருந்தும் சாப்பிடுகிறவர்கள் அதை இங்கிலீஷ் மருத்துவரிடம் மறைப்பதுதான் பிரச்சினை. ஒரே தாளை இருவரிடமும் காட்டுங்கள்.

ஏன் விட்டுப்போகிறது என்று கேட்கும் விதம்

"மாத்திரை ஒழுங்கா போடுறியளா?" என்று கேட்டால் யாரும் "போடுறேன்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, தினமும் இத்தனை மாத்திரை போடுறது யாருக்கும் கஷ்டந்தான். போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விடுவது சகஜம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் உண்மை வரும். பிறகு, "எந்த வேளை மாத்திரை கூடுதலா விட்டுப்போகுது?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காரணம் இரண்டு வகையில் வரும். மறதி, நேரம் ஒத்துவராமை, மாத்திரை தீர்ந்துபோனது, காசு இல்லாதது, அட்டையைப் பிரிக்க விரலில் பலம் இல்லாதது எல்லாம் ஒரு வகை. இவற்றுக்கு ஏற்பாடு செய்தால் போதும். இன்னொரு வகை மனதில் இருப்பது: "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு?", "சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்", "ஒரு தடவை போட்டா வாழ்நாள் பூரா போடணும்". இதற்கு டப்பா வாங்கிக் கொடுத்துப் பயன் இல்லை, பேசித்தான் ஆக வேண்டும். பிரஷர் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏறுவது தெரியவும் தெரியாது. கிட்னியைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் பிரஷரும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்குச் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டிவரும். அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை.

குடிப்பழக்கத்தைத் தனியாகக் கேளுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாதபோது. "குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக் கூடாது" என்று நம்பி, வாரத்தில் மூன்று நாள் எல்லா மாத்திரையையும் விடுகிறவர்கள் உண்டு. வலிப்பு நோயாளிக்கு இது இரட்டை ஆபத்து: குடியும் வலிப்பைத் தூண்டும், மாத்திரை விட்டதும் தூண்டும். சர்க்கரை மாத்திரையோடும் இன்சுலினோடும் குடித்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். எந்த மருந்தில் என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவைக் கொடுப்பது உங்கள் பங்கு.

மாத்திரையை அந்த ஆளின் நாளோடு சேர்த்தல்

நோயாளியோடு உட்கார்ந்து, நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை மணிவாரியாகக் கேட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், முதல் சாயா எப்போது, முதல் சாப்பாடு எப்போது, வெளியே எத்தனை நேரம், எப்போது உறக்கம். ஒரு நாளும் தவறாத இரண்டு காரியங்களைக் கண்டுபிடியுங்கள். பல் தேய்ப்பது, ராத்திரி ஜெபம், அந்தியில் விளக்கு வைப்பது, தொழுகை, செல்போன் சார்ஜில் போடுவது, எதுவானாலும் சரி. மாத்திரை அந்தக் காரியம் நடக்கிற இடத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.

பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் இருக்கிறது என்று வையுங்கள். சீட்டில் காலையில் தைராய்டு மாத்திரை, சுகருக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபைன். இந்த நாலையும் 3 மணிக்கு விழுங்கிவிட்டு வெறும் சாயாவோடு மலைச்சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கினால், விடிகிறபோது சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். ரெண்டு தடவை அப்படி ஆனால் அவர் மாத்திரையையே வெறுத்துவிடுவார். கிளிமிபிரைடு சாப்பிடுகிற வேளையோடு சேர்ந்தே போட வேண்டியது. சாப்பாடு இல்லையென்றால் அதுவும் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "இவர் முதல் சாப்பாடு 10 மணிக்குத்தான். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் அப்போது போடலாமா?" அம்லோடிபைனை அந்தியில், அவர் தவறவே விடாத ஒரு நேரத்துக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். அதற்குச் சாப்பாட்டோடு சம்பந்தம் இல்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். தைராய்டு மாத்திரைக்கு மட்டும் அதிகாலை அருமையான நேரம்: எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, கட்டஞ்சாயாவை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். சாயாவும் காப்பியும் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. பிளாஸ்கில் ஊற்றித் தோட்டத்துக்கு எடுத்துப்போவதுதான் வழி. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொன்று. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்கிற காலத்திலும் அடைமழையிலும் வெட்டு நிற்கும். 3 மணிக்கு எழுகிறவர் 7 மணிக்கு எழுவார். வேலை நாளோடு கட்டிவைத்த மாத்திரை, வேலை நின்றதும் அவிழ்ந்துவிடும். வெட்டு இல்லாத நாளுக்குத் தனியாக ஒரு அட்டவணை எழுதி, பட்டியலின் பின்பக்கம் ஒட்டுங்கள்.

அண்டியாபீஸுக்கும் (முந்திரி ஆலை) மற்ற வேலைக்கும் போகிற பெண்களிடம் கேட்க வேண்டியது கழிப்பறை. நீர் போகிற மாத்திரையை, ஃபுரோசிமைடு போன்றவற்றை, பஸ்ஸில் போகிற நாளெல்லாம் விடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும், மாலை 4 மணிக்குள் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கும் பிந்தினால் ராத்திரி உறக்கம் போகும்.

கடலுக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. தங்கல், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது, எத்தனை நாள் என்று கேட்டு, அதற்கு மேல் 10 நாளுக்குக் கூடுதலாக மாத்திரை கட்டுங்கள். 35 நாள் தங்கல் என்றால் 45 நாளுக்கு. வாய் இறுக்கமாக மூடுகிற இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளில் பாதிப் பாதியாக வைத்து, இரண்டு வேறு பைகளில் போடுங்கள். ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கும். இன்ஜின் அறைச் சூட்டில் வைக்க வேண்டாம். அரசு மருந்து பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் தருகிறார்கள் என்பதால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷயத்தைச் சொல்லி, அதிகம் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் மீதியை அதே மருந்து, அதே மில்லிகிராமில் வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்பு நோய் உள்ளவர், இன்சுலின் போடுகிறவர் ஆகியோர் கடலுக்குப் போகலாமா என்பதையே முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் படகில் கூட இருக்கிற ஒருவரிடமாவது நோயைச் சொல்லிவைக்கட்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம்; சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரத்தப் பரிசோதனை, கண், கால் பார்ப்பது, மருந்து அளவு திருத்துவது எல்லாவற்றையும் முடிக்க இதைவிட நல்ல நேரம் வராது.

பிள்ளைகள் வளைகுடாவில், அப்பா அம்மா மட்டும் ஊரில். இப்படிப்பட்ட வீடுகளில் தினமும் போனில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பது ஒரு மாதத்தில் எரிச்சலாகிவிடும். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்த வார டப்பாவைக் காட்டச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு நிரப்புவதைக் கூடவே பாருங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பட்டியலின் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள்.

டப்பா நிரப்புவதில் கவனம்

ஏழு நாள், நான்கு வேளை என்று 28 அறையுள்ள டப்பா மெடிக்கல்களில் கிடைக்கிறது. காலை, இரவு மட்டும்தான் என்றால் 14 அறை போதும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே ஆள் நிரப்ப வேண்டும். பட்டியலில் ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டுவிட்டு அடுத்த மருந்துக்குப் போங்கள்; நாளுக்கு நாள் நிரப்பினால் எண்ணிக்கை தப்பும். முடிந்ததும் ஒவ்வொரு அறையிலும் எத்தனை என்று எண்ணிச் சரிபாருங்கள்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரப்பதம் மாத்திரைக்கு எதிரி. சோடியம் வால்புரோயேட் என்கிற வலிப்பு மாத்திரை காற்றுப் பட்டால் கசிந்து பிசுபிசுக்கும், அதைப் போடுகிற நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். அட்டையோடு வெட்டி டப்பாவில் போடலாம்தான். ஆனால் கண் தெரியாத, ஞாபகம் தடுமாறுகிற முதியவர் அட்டைத் துண்டோடு விழுங்கிவிட்டால் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். அப்படிப்பட்டவருக்குப் பிரித்துத்தான் வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாமல். அடுப்பங்கரை, குளியலறை, டி.வி. மேல், இந்த மூன்று இடமும் வேண்டாம்.

பாதி மாத்திரை என்று எழுதியிருந்தால், நடுவில் கோடு உள்ளதை மட்டும் உடையுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று இருந்தால், மருந்தாளரைக் கேட்காமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எஸ்.ஆர். வகை மெட்ஃபார்மின் போடுகிறவருக்கு மலத்தில் மாத்திரை மாதிரியே ஒன்று வரலாம். அது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

ஒரு வேளை தவறிவிட்டால்

தவறியதற்குச் சேர்த்து இரட்டையாக ஒருபோதும் போடக் கூடாது. பொதுவான கணக்கு: ஞாபகம் வருகிற நேரத்தில், இரண்டு வேளைக்கு நடுவிலான இடைவெளியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் உடனே போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் போடலாம். நாளுக்கு ஒரு முறை பிரஷர் மாத்திரையைக் காலை 8-க்கு மறந்து மதியம் 3-க்கு ஞாபகம் வந்தால் போடலாம்.

இந்தக் கணக்கு பொருந்தாத மருந்துகள் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்கிற சுகர் மாத்திரைகள், இன்சுலின் ஆகியவற்றைச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து ஞாபகம் வந்து போடக் கூடாது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மருந்தை அதே நாளுக்குள் போடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிட்டு, தேதியைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் தவறினால் போன் செய்து கேட்டுத்தான் போட வேண்டும்.

திடீரென நிறுத்தவே கூடாதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பட்டியலில் இவற்றுக்கு நட்சத்திரம் போடுங்கள்: வலிப்பு மாத்திரை, மெட்டோபுரோலால், அட்டெனோலால் வகை பிரஷர், இதய மாத்திரை, நீண்ட நாள் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரின் ஆஸ்பிரின் மற்றும் குளோபிடோக்ரெல், மனநல மருந்துகள், இன்சுலின். பல் பிடுங்கப் போகும்போது ஆஸ்பிரினைத் தாமாகவே நிறுத்துவது பரவலாக நடக்கிறது. பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது அது.

காசநோய் மருந்து தனிக் கவனம் வேண்டுவது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம், தினமும். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கும்போதுதான் விட்டுப்போகும். அந்த மாதத்தில் வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்துவார்கள்.

நோன்பும் விரதமும்

தவக்காலம், ரமலான், சஷ்டி, ஏகாதசி என்று இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் ஒரு விரதம் உண்டு. "நோன்பு வேண்டாம்" என்று சொல்வதால் யாரும் விடப்போவதில்லை, மாத்திரையைத்தான் விடுவார்கள். ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு இருக்கலாமா, எந்த மருந்தை சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடுவது), எதை இஃப்தாருக்கு (அந்தியில் நோன்பு திறப்பது) மாற்றுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை முடித்துவிட வேண்டும். விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வியர்வை, நடுக்கம், பசி, பேச்சுக் குழறல் வந்தால் 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் பார்த்து, தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

ஊசியும் இன்ஹேலரும்

இன்சுலின் குப்பியில் இரண்டு வகை: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், ஃபிரீசரில் கூடாது. உறைந்துபோனால் கொட்டிவிட வேண்டியதுதான். பிரித்தது பொதுவாக 28 நாள், தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஒரு டப்பாவில் குப்பியை வைத்து ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். கலங்கலாக இருக்கிற வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 தடவையாவது உருட்டுங்கள், குலுக்கக் கூடாது. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் கட்டி தட்டும், அங்கே மருந்து சரியாக இறங்காது. ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

இழுப்புக்கான ரோட்டாகேப் மாத்திரை மாதிரி இருப்பதால் விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டியது. பம்ப் வகை இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அழுத்தி, 10 நொடி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ளது என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் நாக்கில் வெள்ளையாகப் படியும். பேச்சில் கேட்டு நம்பாதீர்கள். உங்கள் முன்னால் ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும்போது

அம்லோடிபைனால் கணுக்கால் வீங்கலாம். எனலாபிரில், ராமிபிரில் என்கிற பிரஷர் மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் டானிக் குடிப்பார்கள். மெட்ஃபார்மின் முதல் சில வாரம் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டின் நடுவில் போட்டால் குறையும். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். இவை எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு, அதனால் நிறுத்தாமல் போய்ச் சொன்னால் போதும்.

காத்திருக்கக் கூடாதவை வேறு: உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறல், வலிப்பு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பெங்கும் தடிப்பும் வாய்ப்புண்ணும், காசநோய் மருந்தில் கண் மஞ்சளாகி வாந்தி, ஆஸ்பிரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்குத் தார் மாதிரி மலம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாத்திரைப் பட்டியலோடு.

மருந்து தீர்ந்துபோகாமல்

கடைசி மாத்திரை போட்ட அன்று போய் வாங்கலாம் என்று இருந்தால், அன்றைக்குப் பந்த் வரும், மழை வரும், கையில் காசு இருக்காது. 7 நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து வழி அடைத்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஒரு வாரக் கையிருப்பு கட்டாயம்.

செலவு காரணம் என்றால் வழிகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; பெயர் பதிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் மருந்து இலவசம். வெளியே வாங்குவதானால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து விலை குறைவு. எட்டு மாத்திரையில் நாலைத்தான் வாங்க முடிகிறது என்றால், எந்த நாலு என்பதை நோயாளி தானே முடிவு செய்யக் கூடாது. "இவ்வளவுதான் எங்களால் முடியும், எதெல்லாம் கட்டாயம்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அடிக்கடி சத்து மாத்திரைகளே முதலில் கழியும்.

மாதம் ஒரு எண்ணிக்கை

மாதக் கடைசியில் மிச்சத்தை எண்ணுங்கள். நாளுக்கு 2 வீதம் 60 மாத்திரை வாங்கி 28 நாள் ஆயிற்று என்றால் 56 போயிருக்க வேண்டும், 4 மிஞ்ச வேண்டும். 18 மிஞ்சியிருந்தால் 42 தான் போட்டிருக்கிறார். 56-இல் 42, அதாவது 75 சதவீதம். ஆராய்ச்சிகளில் பொதுவாக 80 சதவீதத்தை எல்லைக்கோடாக வைப்பார்கள். காசநோய்க்கும் ஹெச்.ஐ.வி.க்கும் அதுவும் போதாது.

இந்த எண்ணைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதை மறைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிரஷர் 170 இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார் என்று நம்பி மருத்துவர் அளவைக் கூட்டுவார், இன்னொன்றைச் சேர்ப்பார். பிறகு ஒரு நாள் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நர்ஸ் எல்லா மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுப்பார். அதுவரை பாதிதான் போட்டுக்கொண்டிருந்த உடம்பில் பிரஷர் சரிந்து, எழுந்து நடக்கிறபோது விழுவார்கள். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால், ஓ.பி. சீட்டின் மேலே "14 மாத்திரை போடவில்லை, ராத்திரி வேளைதான் விட்டுப்போகிறது" என்று நீங்களே எழுதி முதலில் நீட்டுங்கள். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா, இரண்டை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை இருக்கிறதா என்று அடுத்துக் கேளுங்கள்.